தண்டம் தயார், துணை எங்கே?

பத்து லட்சம் ரூபாய்! பரிசுச் சீட்டிலே விழுகிற தொகை என்று எண்ணிவிடாதீர்கள், வாசகரே! கட்டிடம் ஒன்று மின்சாரத்தை அளவோடு செலவிடும் வகையில் அமையவில்லையென்றால், அதன் உடைமையாளர் மீது விதிக்கக்கூடிய தண்டத்தின் உச்ச அளவு அது. 2001-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம், பத்தாயிரம் ரூபாய் என்றுதான் இதனைத் தொடங்கி வைத்தது. 2010-இல் வந்த திருத்தம் பத்து லட்சம் என்றாக்கிற்று. ஒன்பதே ஆண்டில் நூறு மடங்கு! அரிசி விலை அந்த வேகத்தில் ஏறியதில்லை. உழைப்பவன் கூலி அந்த வேகத்தைக் கனவிலும் கண்டதில்லை. தண்டம் மட்டும் ஏறிற்று.

தண்டம் நூறு மடங்கு ஏறியதே, அந்தச் சட்டத்துக்கு இணங்கி நடப்பது எப்படி என்று எடுத்துச் சொல்லும் ஏற்பாடு எத்தனை மடங்கு ஏறிற்று? தென்காசிக் கடைவீதியில் மாடி எடுக்க நினைக்கும் ஒரு துணிக்கடைக்காரர், குற்றாலத்தில் இன்னும் ஆறு அறைகள் கட்ட நினைக்கும் ஒரு விடுதிக்காரர், இவர்கள் போய்க் கேட்கவும், கேட்டதற்கு அவர்களுக்குப் புரியும் மொழியில் விடை பெறவும் ஓர் இடம் உண்டா? இந்தக் கேள்வியைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கிறோம்.

சட்டம் வேண்டாம் என்போமா?

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். மின்சிக்கனச் சட்டமே வேண்டாம் என்று கூறும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம். "என் இடம், என் பணம், என் கட்டிடம்; எத்தனை விளக்கு எரித்தால் அரசுக்கென்ன?" என்று கேட்கும் சீமான்களுக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. கட்டிடம் அவருடையது, மின்சாரம் அவருடையதா? அது ஊர்ப்பொதுச் சொத்து. 2024-ஆம் ஆண்டு மே திங்கள் 2-ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அத்தகைய நாளில் ஒரு மாளிகை விரயமாக்கும் மின்சாரத்தின் விலையை அந்த மாளிகைக்காரர் மட்டுமா கொடுக்கிறார்? வெளியிலிருந்து விலை கொடுத்து மின்சாரம் வாங்கும் வாரியம் கொடுக்கிறது; வாரியத்தின் கடன் வழியாக, ஒற்றை விளக்கின் கீழே படிக்கும் பிள்ளையின் தகப்பனும் கொடுக்கிறான்.

ஆகவே சட்டம் நல்லது. அதன் நோக்கமும் நல்லது. 2007-இல் முதன்முதலாக வெளிவந்து, 2017-இல் திருத்தி எழுதப்பட்ட எரிசக்திப் பாதுகாப்புக் கட்டிட நெறிமுறை சொல்வதென்ன? கூரை வெயிலை உள்ளே விடாதிருக்கட்டும். சுவர் வெப்பத்தைத் தடுக்கட்டும். சாளரம் வெளிச்சத்தைத் தரட்டும், அனலைத் தராதிருக்கட்டும். விளக்கும் குளிர்சாதனமும் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பயன் தரட்டும் என்கிறது. இதிலே குறை காண என்ன இருக்கிறது?

"இதெல்லாம் மேல்நாட்டு நாகரிகம், நமக்கு ஒத்துவராது" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். நமக்கா ஒத்துவராது? நாட்டு ஓடு வேய்ந்து, நடுவே முற்றம் விட்டு, வெயில் படாமல் தாழ்வாரம் இறக்கி, சுண்ணாம்பு பூசி வாழ்ந்தவர்கள் நாம். மேற்குமலைக் கணவாய் வழியே வரும் காற்று எந்தத் திங்களில் எந்தத் திசையில் வீசும் என்று அறிந்து வாசல் வைத்தவர்கள் தென்காசிக் கொத்தர்கள். காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நின்று பாருங்கள். காற்று உங்களை வாரி அணைக்கும். இன்று அதே ஊரில், அதே காற்றுக்கு முதுகைக் காட்டி, முகப்பெங்கும் கண்ணாடியும் அலுமினியத் தகடும் போர்த்து, உள்ளே வெந்து, வெந்ததை ஆற்றக் குளிர்சாதனம் வைக்கிறோம். சுற்றுப்புறத்து வயல்வெளிகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றிலிருந்து மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தை, காற்றை உள்ளே விடாத கட்டிடங்களுக்குச் செலவழிக்கிறோம். மேல்நாட்டு நாகரிகம் எது, நம் நாகரிகம் எது என்று முணுமுணுப்பவர்களே சொல்லட்டும்.

சட்டத்தின் கணக்கும் விடுதியின் கணக்கும்

சட்டம் யாரைத் தொடுகிறது? 100 கிலோவாட் மின்பளு, அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள வணிகக் கட்டிடங்களைத் தொடுகிறது. புதிதாகக் கட்டுவோரையும், பழையதை விரிவாக்கி அந்த வரம்பை எட்டுவோரையும் தொடுகிறது. "நூறு கிலோவாட்டா? அது சென்னையிலுள்ள வானளாவிக் கட்டிடங்களுக்கல்லவா?" என்று கேட்கத் தோன்றும். சற்றே கணக்குப் போடுங்கள்.

குற்றாலத்தில் ஒரு நடுத்தர விடுதி. ஓர் அறைக்கு 2 கிலோவாட் கீசர் ஒன்று. 1½ கிலோவாட் குளிர்சாதனம் ஒன்று. ஆக 3½ கிலோவாட். இருபத்தைந்து அறைகளுக்கு 87½ கிலோவாட். சட்டம் எட்டி நின்று பார்க்கும். சீசன் நன்றாயிருந்தது என்று மேலே ஐந்து அறைகள் எடுக்கிறார் உடைமையாளர். முப்பது அறைகளுக்கு 105 கிலோவாட்! விளக்கையும் விசிறியையும் தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதற்குள் சட்டத்தின் வாசற்படியில் கால் வைத்துவிட்டார் அவர். வானளாவி எங்கே, ஐந்தருவிச் சாலையின் முப்பது அறை விடுதி எங்கே? இரண்டுக்கும் ஒரே நெறிமுறை, ஒரே படிவம், ஒரே தண்டம்.

இதோடு நின்றதா? 2022-இல் நிறைவேறி, 2023 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், இந்த வரம்பை இன்னும் கீழே இறக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு வழங்கியிருக்கிறது. நாளைக்கே வரம்பு இறங்கினால், இருபது அறை விடுதி வரும். பதினைந்து அறை விடுதி வரும். கலியாண மண்டபம் வரும். சிறு மருத்துவமனை வரும். வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வருகிறவர்களை வரவேற்க வாசலில் நிற்கப் போகிறவர் யார் என்று கேட்கிறோம். வழிகாட்டியா, அல்லது கையில் நோட்டீசோடு நிற்கும் சேவகரா?

சாரலுக்குச் சட்டம் தெரியுமா?

இன்னொன்று கேளுங்கள். 2017-இன் நெறிமுறை, ஓட்டல்களும் மருத்துவமனைகளும் தம் வெந்நீர் ஏற்பாட்டில் குறைந்தது ஐந்திலொரு பங்கைச் சூரிய வெப்பத்தால் பெறவேண்டும் என்கிறது. மதுரைக்குப் பொருந்தும். இராமநாதபுரத்துக்கு நன்றாகப் பொருந்தும். குற்றாலத்துக்கு?

குற்றாலத்தில் கூட்டம் வருவது எப்போது? ஜூன், ஜூலை, ஆகஸ்டு திங்கள்களில். அந்த மாதங்களில் அங்கே வானம் எப்படியிருக்கும் என்பதைத் தமிழகத்தில் சின்னஞ்சிறு பிள்ளையும் அறியும். மலைமுகட்டில் மேகம் படுத்திருக்கும். பகலெல்லாம் சாரல் தூறும். கதிரவன் எட்டிப் பார்ப்பதே விருந்து. விடுதி நிறைந்து வெந்நீர் வேண்டும் நேரத்தில் கதிரவன் இல்லை. கதிரவன் காய்ந்து கொளுத்தும் ஏப்ரலில் விடுதியில் ஆள் இல்லை. பணம் போட்டுச் சூரியக் கொதிகலனை மாடியில் ஏற்றிய உடைமையாளர், சீசன் முழுவதும் அதைத் தார்ப்பாய் போல் நனையவிட்டு, கீழே பழைய கீசரையே போட்டுக் கொண்டிருப்பார். சட்டமும் நிறைவேறியதாகிவிடும், மின்சாரமும் விரயமாகிவிடும். ஏட்டுச் சுரைக்காய் என்பது வேறென்ன?

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இறைத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் என்ற கருவி இருக்கிறது. கீசர் ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்று ஏறத்தாழ ஒரு யூனிட் வெப்பம் தரும். இந்தக் கருவியோ ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவில் வெப்பம் தரும். மேகத்தைக் கண்டு அஞ்சாது. அறைக்கொரு கீசர் ஒழிந்தால் விடுதியின் மின்பளுவும் பாதிக்குமேல் இறங்கிவிடும். குற்றாலத்தின் சீசனுக்கு ஏற்ற விடை இது.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா? தருகிறது! இங்கேதான் வேடிக்கை. அந்தந்த வட்டாரத்தின் தட்பவெப்பத்துக்குத் தக்கவாறு நெறிமுறையைத் திருத்திக்கொள்ளும் உரிமையை, 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவே மாநில அரசுக்கு அளித்திருக்கிறது. மாநில உரிமை, மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோமே, இதோ தில்லியே கையில் கொடுத்த உரிமை! தேசிய வரைபடத்தில் நாடு முழுவதையும் ஐந்தே தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கடற்கரைச் சென்னையும் மலையடிவாரக் குற்றாலமும் ஒரே மண்டலமாம்! தில்லியிலிருந்து பார்ப்பவனுக்குச் சாரல் தெரியாது. தென்காசியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாமல் போகலாமா? உரிமையைக் கேட்டுப் பெறுவது பாதி வேலை. பெற்றதைக் குற்றாலத்துச் சாரல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது மறுபாதி.

மூன்று மாத வருமானம், பன்னிரண்டு மாதத் தவணை

"செலவழித்தால் மிச்சமாகும், மிச்சத்தில் செலவு திரும்பும்" என்கிறார்கள் அதிகாரிகள். உண்மை. எல்லோருக்கும் ஒரே அளவு உண்மையா?

பழைய மின்விசிறி 75 வாட் தின்னும்; புதிய பி.எல்.டி.சி. விசிறி 28 வாட்டில் சுழலும். மிச்சம் 47 வாட். தென்காசியில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் துணிக்கடையில், ஒரு விசிறிக்கு ஆண்டில் ஏறத்தாழ 200 யூனிட் மிச்சம். வணிகக் கட்டணம் யூனிட் பத்து ரூபாயை ஒட்டி நிற்கும் இந்நாளில், இரண்டாயிரம் ரூபாய். மூவாயிரம் ரூபாய் விசிறி ஒன்றரை ஆண்டில் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

அதே விசிறியைக் குற்றாலத்து இருபது அறை விடுதியில் மாட்டுங்கள். தொண்ணூறு நாள் சீசன், நாளுக்குப் பத்து மணி நேரம். இருபது விசிறிகளும் சேர்ந்து மிச்சப்படுத்துவது 846 யூனிட். எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. போட்ட முதல் அறுபதாயிரம். சீசன் வருமானத்தை மட்டும் நம்பினால் ஏழாண்டுக்குமேல் காத்திருக்க வேண்டும். அருவியில் தண்ணீர் விழாத ஆண்டும் அந்த ஏழில் ஒன்றாக இருந்தால்? ஐயப்பன் பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

ஒரே கருவி, ஒரே மாவட்டம், இடையே அரை மணிப் பயணம்கூட இல்லை. ஆயினும் கணக்கு வேறு. இந்த வேற்றுமையை எந்தப் படிவத்தில் எழுதுவது? மாதந்தோறும் தவணை கட்டு என்று சொல்லும் வங்கிக்கு, மூன்று மாதம் விளைந்து ஒன்பது மாதம் கிடக்கும் தொழில் இது என்று யார் எடுத்துச் சொல்வது? உழவனுக்கு அறுவடைக்குப் பின் தவணை என்று வைத்தோமல்லவா? குற்றாலத்து விடுதிக்காரருக்குச் சீசனுக்குப் பின் தவணை என்று வைத்தால் வானமா இடிந்துவிடும்?

கடைவீதியின் கதை வேறு. அங்கே கட்டிடம் ஒருவருடையது, கடை மற்றொருவருடையது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து வெப்பத்தைத் திருப்பியனுப்ப வேண்டியவர் கட்டிடக்காரர். அதனால் குறையும் மின்கட்டணத்தை அனுபவிப்பவர் வாடகைக்காரர். "அவன் கட்டும் கரண்டு பில்லுக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்கிறார் ஒருவர். "நாளைக்கே காலி செய்யச் சொல்லும் கட்டிடத்துக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?" என்கிறார் மற்றவர். இருவர் கேள்வியும் நியாயந்தான். இருவரையும் உட்கார வைத்து, செலவில் இத்தனை பங்கு உனக்கு, மிச்சத்தில் இத்தனை பங்கு உனக்கு என்று ஒப்பந்தம் எழுதித் தரும் நடுவர் ஒருவர் வேண்டும். தண்டம் விதிக்கும் சட்டத்தால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

சிலர் கேட்பார்கள்

"விடுதி முதலாளிகளுக்குப் பொதுப்பணத்தில் சலுகையா? ஏழை வரிகட்டிப் பணக்காரன் குளிப்பதா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைகளின் வழியைத் திருப்பித் தமக்கென்று அருவி அமைத்துக் கொண்ட தனியார் சொகுசு விடுதிகளைப் பற்றி, 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு நடந்ததை நாடறியும். இயற்கையையே வளைக்கும் அந்தப் பெருமுதலாளிக்குப் பிடி அரிசியும் கொடுக்க வேண்டாம். அவருக்குச் சட்டம் முழுமையாகப் பாயட்டும். பொறியாளரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ள அவரால் முடியும்.

ஆனால் பத்து அறையையும் இருபது அறையையும் குடும்பத்தோடு நடத்தி, சீசனில் ஊராருக்கு வேலை தந்து, மழை பொய்த்தால் கடன் வாங்கி வாழ்பவரையும் அந்தப் பெருமுதலாளியையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்த நீதி? பெரியவர் தரகரை வைத்து ஒரு சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டிவிடுவார். சிறியவர் சான்றிதழுக்கும் அலைந்து, தரகனுக்கும் அழுது, கடைசியில் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தாமல் நிற்பார். துணையில்லாத சட்டம் எப்போதும் பெரியவருக்குக் குடையாகவும் சிறியவருக்குத் தடியாகவும்தான் முடிகிறது. நாம் கேட்பது இலவசமும் அன்று. திருப்பிக் கட்டும் கடனும், விலையில்லாத அறிவுரையும்.

பிறநாட்டார் எப்படிச் செய்தார்கள்? நியூயார்க் நகரம் 2019-இல் 97-ஆம் எண் நகரச் சட்டத்தை இயற்றிற்று. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்கள் கக்கும் கரிவாயுவுக்கு வரம்பு கட்டி, 2024 முதல் நடைமுறைப்படுத்திற்று. தண்டமும் உண்டு, கடுமையான தண்டம். ஆனால் அதே நகராட்சி, கட்டிடக்காரர்களுக்கு விலையின்றி ஆலோசனை சொல்ல ஒரு தனி அமைப்பையும் வைத்திருக்கிறது. எந்தக் கருவி வாங்கலாம், எங்கே கடன் கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது என்றெல்லாம் அவர்களே வழிநடத்துகிறார்கள். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரோ, பழைய கட்டிடங்களைச் சீர்திருத்துவோர்க்கு உதவ 2022-இல் 6.3 கோடி வெள்ளி ஒதுக்கிற்று. முதலாளித்துவத்தின் கோட்டை என்று பெயர்பெற்ற நகரங்களே, ஒரு கையில் சட்டமும் மறுகையில் துணையும் ஏந்துகின்றன. மக்களாட்சி பேசும் நாம் ஒரு கையை மட்டும் நீட்டுவது அழகா?

பாண்டியன் வைத்த நெறி

வெளிநாடு போவானேன்? தென்காசியிலேயே பாடம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெருங்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், கல்வெட்டுப் பாடலில் என்ன சொல்லி வைத்தான் தெரியுமா? என்றேனும் இந்தக் கட்டிடத்துக்குக் குறை நேருமாயின், அதைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவர்களை நான் பணிகிறேன் என்றான். முடிதரித்த மன்னன், கட்டிடத்தின் குறையைத் தீர்ப்பவனை வணங்குகிறான்! பின்னாளில் கோபுரம் சிதைந்து நின்றபோது, ஊரார் கூடி எழுப்பி, 1990-இல் குடமுழுக்கும் கண்டார்கள். மன்னனின் வணக்கத்துக்கு உரியவர்கள் அவர்கள்.

மன்னராட்சியில் குறை தீர்ப்பவனுக்கு வணக்கம்; மக்களாட்சியில் குறை தீர்க்க முன்வருபவனுக்கு நோட்டீசா?

ஆகவே நாம் கேட்கிறோம். தென்காசி 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் என்பது பலகை மட்டுமன்று. மக்கள் கேட்கும் வாசல். அந்த வாசலில், கட்டிட உடைமையாளருக்கென ஓர் ஆலோசனை மேசை போடுங்கள். மின்துறைப் பொறியாளர் ஒருவரை அமர்த்துங்கள். சீசன் தொடங்குமுன் அவர் விடுதி விடுதியாகச் சென்று மின்செலவைக் கணக்கெடுத்துத் தரட்டும், கட்டணம் வேண்டாம். விடுதிக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று, மருத்துவமனைக்கு ஒன்று என்று நான்கே பக்கத்தில் நல்ல தமிழில் கையேடு அச்சிட்டு, வரைபட அனுமதிக்கு வருவோர் கையில் கொடுங்கள். சாரல் நாட்டுக்குச் சூரியக் கொதிகலனுக்கு மாற்றாக ஹீட் பம்பை ஏற்கும் விதியை 15-ஆம் பிரிவின் கீழ் வெளிப்படையாக எழுதுங்கள். அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மாநில எரிசக்திப் பாதுகாப்பு நிதி என்று ஒரு நிதியை இந்தப் பணிக்காகவே வகுத்திருக்கிறது. அதிலிருந்து சிறு உடைமையாளருக்குச் சீசன் தவணைக் கடன் கொடுங்கள். இவை அனைத்தையும் செய்துவிட்டு, அரசு அலுவலகங்களின் கூரைகளுக்கும் முதலில் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டு, அதன் பிறகும் இணங்காதவரைப் பிடியுங்கள். பத்து லட்சம் என்ன, சட்டம் சொல்லும் அளவுக்கு விதியுங்கள். உங்கள் பக்கம் நின்று எழுதுவோம்.

வாசகரே! உங்கள் ஊரில் மாடி எழும்பும்போது, உங்கள் தெருவில் கடை திறக்கும்போது, இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். பேரூராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள், வணிகர் சங்கத்தில் கேளுங்கள், வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள், எம் கட்சியினர் வந்தாலும் விடாமல் கேளுங்கள்: தண்டம் தயாராயிருக்கிறது, துணை எங்கே?